அரசாங்கத் தகவலும் ஆவண நூலகரும்

நூலகர் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவர், நூல்களை இரவல் தந்து, தேதி முத்திரை குத்தி, தாமதமானால் தண்டம் வாங்கும் ஒருவர்தான். அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழக நூலகங்களிலும் சில பொது நூலகங்களிலும் இன்னொரு வகை நூலகர் உண்டு. அவரை ஆவண நூலகர் என்பார்கள். கதை, கவிதை, வரலாறு என்று எதுவும் அவர் பொறுப்பில் இல்லை. அரசாங்கம் அச்சிட்டு வெளியிட்டவை மட்டுமே அவர் பொறுப்பு. மக்கள்தொகைக் கணக்கு, காங்கிரஸ் குழுக்களின் விசாரணைப் பதிவுகள், நிலவியல் வரைபடங்கள், ஆறுகளின் நீரளவு, உழவர்களுக்கான சிறுநூல்கள், வெளியுறவுக் கடிதங்கள் என்று அவர் அலமாரிகள் நீண்டுகொண்டே போகும்.

பார்வைக்கு இது வறண்ட பணி. ஆனால் இந்த நூலகர்களின் அக்கறைகளைக் கொஞ்சம் பின்தொடர்ந்து பார்த்தால், அரசு சொன்னதை நாளைக்கும் யார் நினைவு வைத்திருப்பார்கள் என்ற கேள்வியில் போய் நிற்போம். இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் இருநூறு ஆண்டுகளாக ஒரு விடை இருந்தது. இணையம் வந்தபின் அந்த விடை ஆட்டம் கண்டிருக்கிறது. அதைப் பற்றியதே இக்கட்டுரை.

ஒரே படி இருந்தால்

1921ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் மாலை, வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தீப்பிடித்தது. அங்கேதான் 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மூலத்தாள்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. வீடுவீடாகப் போய்க் கையால் எழுதப்பட்ட தாள்கள் அவை. பெயர், வயது, பிறந்த ஊர், தொழில், பேசும் மொழி எல்லாம் அதில் உண்டு. தீயில் எரிந்தவை போக, எஞ்சியவை தீயணைப்பு வீரர்கள் பாய்ச்சிய நீரில் ஊறிப்போயின. மிஞ்சிக் கிடந்தவற்றையும் 1930களில் வேண்டாதவை என்று அழித்துவிட்டார்கள். 6 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைப் பதிவு செய்த அந்தக் கணக்கெடுப்பில் இன்று கிடைப்பது ஏறத்தாழ ஆறாயிரம் பேரின் பெயர்கள் மட்டுமே.

இதற்கு முந்தைய கணக்கெடுப்புகள் பலவற்றில் வட்டார அலுவலகங்களிலும் ஒரு படி வைக்கும் வழக்கம் இருந்தது. 1890இல் அது கட்டாயமாக இல்லை. அதனால் பெரும்பாலான ஊர்களுக்கு இருந்தது ஒரே படி. அது போனபோது எல்லாம் போனது.

ஆனால் அதே கணக்கெடுப்பின் அச்சிட்ட அறிக்கைகள், அதாவது மாநிலவாரியான எண்ணிக்கைகளும் அட்டவணைகளும், ஒன்றுகூடக் காணாமற் போகவில்லை. அவை அச்சாகி நாடெங்கும் உள்ள நூலகங்களுக்கு முன்பே அனுப்பப்பட்டுவிட்டன. வாஷிங்டனில் பற்றிய தீ ஓஹையோவிலும் கலிபோர்னியாவிலும் இருந்த அலமாரிகளைத் தொடவில்லை. ஆவண நூலகர்களின் தொழில்நெறி முழுவதையும் இந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டே விளக்கிவிடலாம்.

பல ஊர்களில் பல படிகள்

அரசு வெளியீடுகளைத் தலைநகருக்கு வெளியே அனுப்பி வைக்கும் எண்ணம் அந்நாட்டில் மிகப் பழையது. காங்கிரஸின் இரு அவைகளின் நடவடிக்கைக் குறிப்புகளைப் பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் வரலாற்றுச் சங்கங்களுக்கும் மாநிலங்களுக்கும் அனுப்ப வேண்டும் என்று 1813 டிசம்பரில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. எட்டே மாதம் கழித்து, 1814 ஆகஸ்டில், ஆங்கிலேயப் படை வாஷிங்டனுக்குள் புகுந்து காங்கிரஸ் கட்டடத்துக்குத் தீ வைத்தது. அதனுள் இருந்த காங்கிரஸ் நூலகத்தின் சுமார் மூவாயிரம் நூல்களும் எரிந்தன. தீர்மானம் போட்டவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் தலைநகரில் மட்டும் வைத்திருப்பது எவ்வளவு ஆபத்தானது என்பது இவ்வளவு விரைவில் விளங்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

1860இல் சட்டம் இயற்றி, 1861 மார்ச் 4ஆம் நாள், ஆபிரகாம் லிங்கன் பதவியேற்ற அதே நாளில், அரசு அச்சகம் தொடங்கப்பட்டது. 1895ஆம் ஆண்டின் அச்சுச் சட்டம் ஆவணங்களைத் தொகுத்து, அட்டவணையிட்டு, நூலகங்களுக்கு அனுப்பும் பொறுப்பை அந்த அச்சகத்திலேயே ஓர் ஆவணக் கண்காணிப்பாளரிடம் ஒப்படைத்தது. 1962இல் வந்த வைப்பு நூலகச் சட்டம் இன்றைய அமைப்புக்கு உருக்கொடுத்தது. இதன்படி வைப்பு நூலகங்கள் இருவகை. வட்டார வைப்பு நூலகங்கள் வருவதையெல்லாம் ஏற்று என்றென்றும் காக்க வேண்டும். மற்றவை தங்கள் வாசகர்களுக்குத் தேவையானதைத் தேர்ந்து வாங்கலாம். ஐந்தாண்டு கழித்து, வட்டார நூலகத்தின் இசைவு பெற்றுக் கழிக்கலாம். இன்று இவ்வமைப்பில் ஏறத்தாழ 1,100 நூலகங்கள் உள்ளன.

அரசு நூல்களை இலவசமாகத் தருகிறது. பதிலுக்கு நூலகம் செய்ய வேண்டியது, அவற்றைப் பொதுமக்கள் எவரும் கட்டணமின்றிப் பார்க்க இடமளிப்பது. தனியார் பல்கலைக்கழக நூலகமானாலும் இதுவே விதி. மாணவராக இருக்க வேண்டியதில்லை, அமெரிக்கக் குடிமகனாகவும் இருக்க வேண்டியதில்லை. நேற்று விமானத்தில் வந்து இறங்கியவரும் கேட்கலாம். அங்கு பல ஆண்டுகளாக வாழும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பொருளால் அல்ல, பிறப்பிடத்தால்

இந்த ஆவணங்களை அடுக்கும் முறையும் தனி. நாம் அறிந்த டூயி தசம முறையில் நூல்கள் பொருள்வாரியாக அமையும். அரசு ஆவணங்களோ எந்தத் துறை வெளியிட்டதோ அந்தத் துறையின் கீழ் அமையும். இந்த முறைக்கு வித்திட்டவர் அடிலெய்ட் ஹாஸ் என்ற பெண்மணி. லாஸ் ஏஞ்சலஸ் பொது நூலகத்தில் பணியாற்றியபோது அங்கே குவிந்து கிடந்த அரசு வெளியீடுகளை ஒழுங்கு செய்ய முனைந்தவர், 1895இல் அரசு அச்சகத்தின் ஆவண நூலகத்துக்கு அழைக்கப்பட்டார். நூலகத் துறையில் உயர்நிலைப் பொறுப்புகள் பெரும்பாலும் ஆண்களிடமே இருந்த காலம் அது.

இம்முறையில் 'ஏ' என்றால் வேளாண்மைத் துறை, 'ஏ 1.9' என்றால் அத்துறையின் உழவர் சிறுநூல் வரிசை. 'சி' வணிகத் துறை. 'சி 3' என்றால் அதன்கீழுள்ள மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம். எண்ணைப் பார்த்ததும் எந்த அலுவலகத்தின் குரல் அது என்று தெரிந்துவிடும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. அமைச்சரவை மாறி, அலுவலகம் துறை மாறினால் எண்ணும் மாறும். வானிலை அலுவலகம் 1940இல் வேளாண்மைத் துறையிலிருந்து வணிகத் துறைக்குப் போனது. அன்றிலிருந்து அதன் வெளியீடுகள் 'ஏ' வரிசையை விட்டுவிட்டு 'சி' வரிசைக்குப் போய்விட்டன. பழைய மழைக் கணக்கைத் தேடுபவர் இரண்டு அலமாரிகளைத் தேட வேண்டும். இந்த இடப்பெயர்ச்சிகளையெல்லாம் நினைவில் வைத்திருந்து, 'நீங்கள் கேட்பது 1938ஆம் ஆண்டுக்கா? அப்படியானால் அந்தப் பக்கம் வாருங்கள்' என்று கைகாட்டுவதுதான் ஆவண நூலகரின் திறமை. தேடுபொறிக்கு இன்னும் முழுமையாகக் கைவராத திறமை இது.

நம்மைப் பற்றி என்ன இருக்கிறது?

இதையெல்லாம் ஒரு தமிழ் வாசகர் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கலாம். சில எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கில், குடியுரிமைச் சட்டத்தின் பொருளில் இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என்று தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்ற அறிக்கைகளின் 261ஆம் தொகுதியில் அது இருக்கிறது. 1930, 1940ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புகளில் 'ஹிந்து' என்பது ஓர் இனத்தின் பெயர். பஞ்சாபி சீக்கியரும் வங்காள முஸ்லிமும் அதற்குள்ளேயே அடக்கம். 1946இல் இயற்றப்பட்ட சட்டம் ஆண்டுக்கு 100 இந்தியர் வரலாம், குடியுரிமையும் பெறலாம் என்றது. 1970ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இந்தியரை வெள்ளையரோடு சேர்த்து எண்ணியது. 1980இல்தான் 'ஆசிய இந்தியர்' என்ற தனிக் கட்டம் வந்தது. ஒரே மக்களை ஓர் அரசு ஐம்பது அறுபது ஆண்டுகளில் எத்தனை பெயர் சொல்லி அழைத்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. எல்லாம் அரசின் சொந்த அச்சிலேயே இருக்கிறது. தனிநபர் விவரங்கள் உள்ள மூலத்தாள்கள் 72 ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கப்படும். 1940ஆம் ஆண்டுத் தாள்கள் 2012இலும், 1950ஆம் ஆண்டுத் தாள்கள் 2022இலும் இணையத்தில் எல்லோருக்குமாக வைக்கப்பட்டன.

இலங்கையைப் பற்றி அறிய விரும்புவோர்க்குக் காங்கிரஸ் நூலகத்தின் ஆய்வுப் பிரிவு தயாரித்து 1990இல் வெளியான நாட்டாய்வு நூல் உண்டு. அதே வரிசையில் சிங்கப்பூருக்கு 1991இலும் இந்தியாவுக்கு 1996இலும் நூல்கள் வந்தன. ராஜதந்திரக் கடிதங்களில் ஆர்வமுள்ளோர்க்கு, வெளியுறவுத் துறை 1861 முதல் வெளியிட்டுவரும் ஆவணத் தொகுதிகள் ஒரு சுரங்கம். இவற்றில் அமெரிக்க அரசின் சார்பு தெரியும்தான். அதுவும் ஒரு தகவலே. ஓர் அரசு நம்மை எப்படிப் பார்த்தது என்று அறிய, அது எழுதி வைத்ததைப் படிப்பதைவிட நல்ல வழி இல்லை.

இன்னொரு சிறப்பும் உண்டு. அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் ஊழியர்கள் பணி நிமித்தம் எழுதியவற்றுக்கு அந்நாட்டில் காப்புரிமை கிடையாது. யாரும் படியெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், மீண்டும் அச்சிடலாம். இந்தியாவில் அரசு வெளியீடுகளுக்கு 60 ஆண்டுக் காப்புரிமை உண்டு. அரசிதழ், சட்டங்கள் முதலிய சிலவற்றுக்கே விலக்கு. படியெடுக்கத் தடை இல்லாத இடத்தில்தான் படிகள் பெருகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இணையம் வந்தது

1993இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 1994இல் அரசு அச்சகம் தன் வெளியீடுகளை இணையத்தில் தரத் தொடங்கியது. முதலில் கட்டணம் இருந்தது. 1995 டிசம்பரில் அது நீக்கப்பட்டது. காங்கிரஸ் நூலகம் 1995 ஜனவரியில் 'தாமஸ்' என்ற தளத்தைத் தொடங்கிச் சட்ட முன்வரைவுகளை அதில் வைத்தது. 2016இல் அதன் இடத்தைக் 'காங்கிரஸ்.கவ்' முழுமையாக எடுத்துக்கொண்டது. அரசு அச்சகத்தின் தளமும் இருமுறை உருமாறி, இன்று 'கவ்இன்ஃபோ' என்ற பெயரில் இயங்குகிறது. 2014இல் அச்சகத்தின் பெயரே அரசு வெளியீட்டு அலுவலகம் என்று மாறியது.

வாசகருக்கு இது பெரும் கொடை என்பதில் ஐயமில்லை. நூலகம் மூடிய பிறகு, நள்ளிரவில், டொராண்டோவிலோ மெல்பர்னிலோ உட்கார்ந்துகொண்டு காங்கிரஸ் விசாரணை ஒன்றைப் படிக்க முடிகிறது. அரசு வெளியீட்டு அலுவலகமும் தன் பங்கைப் பொறுப்போடு செய்தது. கோப்புகளுக்கு மின் கையொப்பமிட்டது. நம்பகமான மின்களஞ்சியத்துக்கான பன்னாட்டுச் சான்றையும் 2018இல் பெற்றது.

ஆனால் ஓசையில்லாமல் ஒன்று மாறிப்போனது. தாளில் வந்தபோது நூலகத்தில் நூல் இருந்தது. இப்போது நூலகத்தின் அட்டவணையில் ஒரு சுட்டி மட்டுமே இருக்கிறது. சுட்டியின் மறுமுனையில் இருப்பது அரசின் கணினி. நூறு ஊர்களில் இருந்த படிகள் மீண்டும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. 1921இல் வணிகத் துறையின் கீழ்த்தளத்தில் இருந்த நிலைக்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை. போதாக்குறைக்கு, பல துறைகள் தங்கள் அறிக்கைகளை வெளியீட்டு அலுவலகத்துக்கு அனுப்பாமல் தங்கள் தளத்தில் மட்டும் போட்டுவிடுகின்றன. வைப்பு நூலக அமைப்புக்குள் வந்திருக்க வேண்டிய, ஆனால் வராமல் நழுவிய இவற்றைத் 'தப்பியோடிய ஆவணங்கள்' என்று நூலகர்கள் குறிப்பிடுவார்கள். குற்றவாளிகளைத் தேடுவதுபோல் இவற்றைத் தேடிப் பிடித்து அட்டவணையில் சேர்ப்பது அவர்களின் வேலைகளில் ஒன்று.

கடிதம் வந்த காலமும் வராத காலமும்

தாள் காலத்தில் அரசு எதையும் திரும்பப் பெற நினைத்ததில்லையா? நினைத்தது. வைப்பு நூலகத்தில் உள்ள ஆவணங்கள் சட்டப்படி அரசின் உடைமை. நூலகம் காவலாளி மட்டுமே. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, அக்டோபரில், குடிநீர் ஆதாரங்களைப் பற்றி நிலவியல் ஆய்வகம் வெளியிட்டிருந்த குறுந்தகடு ஒன்றை அழித்துவிடுமாறு வைப்பு நூலகங்களுக்கு உத்தரவு வந்தது. நூலகர்கள் கீழ்ப்படிந்தார்கள். ஆனால் அது பெரும் விவாதமானது. 2004இல் நீதித் துறையின் சொத்துப் பறிமுதல் பற்றிய ஐந்து வெளியீடுகளை அழிக்கச் சொல்லி இன்னோர் உத்தரவு வந்தபோது, அமெரிக்க நூலகச் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது. அவை இரகசியமே அல்ல, சட்டங்களும் விளக்கங்களும்தான் என்று எடுத்துக்காட்டப்பட்டது. சில நாள்களில் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அழிக்க வேண்டுமானால் அரசு கடிதம் எழுத வேண்டியிருந்தது. நூற்றுக்கணக்கான நூலகர்கள் அதைப் படித்தார்கள். ஏன் என்று கேட்க ஆளிருந்தது. இணையப் பக்கத்தை நீக்க யாருக்கும் கடிதம் எழுத வேண்டியதில்லை. நேற்று இருந்தது, இன்று 'பக்கம் காணப்படவில்லை' என்று வரும். நீக்கியது யார், ஏன், எப்போது என்று எந்தப் பதிவும் இருக்காது. ஒரு வரியை மட்டும் மாற்றிவிட்டால், மாறியது என்பதே தெரியாது. தாளுக்கும் இணையத்துக்கும் உள்ள வேறுபாடு வேகத்தைப் பற்றியது என்றே நாம் நினைக்கிறோம். சாட்சிகளைப் பற்றியது என்பார்கள் ஆவண நூலகர்கள்.

அரசின் சொந்த நூலகங்களும் பாதுகாப்பானவை அல்ல. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வட்டார நூலகங்கள் சில 2006இல் செலவுக் குறைப்பு என்று மூடப்பட்டன. காங்கிரஸ் தலையிட்ட பிறகே 2008இல் அவை மீண்டும் திறந்தன.

நூலகர்கள் செய்தது

நூலகர்கள் புலம்பிக்கொண்டு இருந்துவிடவில்லை. காங்கிரஸுக்கு அறிவியல், தொழில்நுட்ப ஆலோசனை வழங்கிவந்த தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் 1995இல் மூடப்பட்டபோது, அதன் நூற்றுக்கணக்கான அறிக்கைகளைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் தன் தளத்தில் வைத்துக் காத்தது. வட டெக்சஸ் பல்கலைக்கழக நூலகம் 1997இல் 'இணைய இடுகாடு' என்று பொருள்படும் பெயரில் ஒரு தொகுப்பைத் தொடங்கியது. மூடப்பட்ட அரசு அலுவலகங்கள், காலம் முடிந்த விசாரணை ஆணையங்கள் ஆகியவற்றின் தளங்கள் அங்கே அப்படியே அடக்கம் செய்யப்பட்டுள்ளன. பெயர் வேடிக்கையானது, பயன் பெரியது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகத்தில் 1999 வாக்கில் 'லாக்ஸ்' என்ற திட்டம் உருவானது. நிறையப் படிகள் இருந்தால் பொருள் பத்திரமாக இருக்கும் என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் அவை. ஒரே கோப்பைப் பல நூலகங்களின் கணினிகள் வைத்திருக்கும். அவை அவ்வப்போது தம்முள் ஒப்பிட்டுப் பார்த்து, ஒன்றில் பழுது இருந்தால் மற்றவற்றைக் கொண்டு சரிசெய்துகொள்ளும். 2008 முதல் அமெரிக்க அரசு ஆவணங்களுக்கும் இந்த ஏற்பாடு நடக்கிறது. நமக்கு இது புதிய யோசனை இல்லை. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது, ஊர் ஊராகத் தேடிச் சேர்த்த பல ஏடுகளை ஒப்பிட்டுத்தான். ஓரேட்டில் செல்லரித்த வரியை இன்னோரேடு தந்தது.

2008இல் குடியரசுத் தலைவர் மாறவிருந்தபோது, அரசின் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தளங்களைச் சேகரிக்கப் போவதில்லை என்று அறிவித்தது. காங்கிரஸ் நூலகம், இணைய ஆவணகம், கலிபோர்னிய மின் நூலகம், வட டெக்சஸ் பல்கலைக்கழகம், அரசு அச்சகம் ஆகியவை சேர்ந்து 'ஆட்சிக்கால முடிவு' இணையச் சேகரத்தைத் தொடங்கின. அன்றிலிருந்து 2012, 2016, 2020, 2024 என்று ஒவ்வொரு தேர்தலின்போதும், எந்தக் கட்சி வென்றாலும், அரசுத் தளங்கள் முழுமையாகப் படியெடுக்கப்படுகின்றன.

அதன் அருமை 2025இல் தெரிந்தது. அவ்வாண்டு ஜனவரி இறுதியில் புதிய ஆட்சியின் ஆணைகளை அடுத்து ஆயிரக்கணக்கான அரசுப் பக்கங்களும் சில தரவுத் தொகுப்புகளும் நீக்கப்பட்டன. நோய்த்தடுப்பு மையத்தின் பக்கங்கள் சிலவற்றைத் திரும்ப வைக்கும்படி பிப்ரவரியில் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஹார்வர்டு சட்ட நூலகத்தின் புத்தாக்க ஆய்வகம் அரசின் தரவுத் தளத்திலிருந்து எடுத்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தொகுப்புகளின் படியை, 16 டெராபைட் அளவில், வெளியிட்டது. நூலகர்களும் தரவு வல்லுநர்களும் கூடித் தரவு மீட்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஜூன் இறுதியில் தேசியக் காலநிலை மதிப்பீட்டு அறிக்கைகளைத் தாங்கியிருந்த தளம் மறைந்தது. அறிக்கைகளின் படிகள் வேறு களஞ்சியங்களில் இருந்ததால் அவை அழியவில்லை. அதே ஆண்டு ஜூலையில் இணைய ஆவணகம் அதிகாரபூர்வமான வைப்பு நூலகமாக ஏற்கப்பட்டது.

பிற நாடுகளில்

கனடாவில் 1927 முதல் இத்தகைய வைப்பு நூலக ஏற்பாடு இருந்தது. அங்கும் வெளியீடுகள் மின்வடிவுக்கு மாறியபோது, பல்கலைக்கழக நூலகங்கள் 2012இல் கூடி, அதே 'லாக்ஸ்' முறையில் அரசுத் தகவல் காப்பு வலையமைப்பு ஒன்றை ஏற்படுத்திக்கொண்டன.

இந்தியாவில் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியாகும் நூல்கள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று பொது நூலகங்களுக்கும் அனுப்பப்பட வேண்டும். அலுவலகப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று அச்சிட்டவை நீங்கலாக அரசு வெளியீடுகளும் இதில் அடங்கும். நான்கு நூலகங்கள், அமெரிக்காவின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் குறைவுதான், ஆனால் ஒன்றைவிட மேல்.

இலங்கையில் ஆங்கிலேயர் காலத்து அரசிதழ் 1802இல் தொடங்கியது. ஆண்டுதோறும் தொகுக்கப்பட்ட நீலநூல்களின் படிகள் லண்டனுக்கும் போயின. அதனால் அவற்றை இன்று அங்கும் காணலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்களும் சுவடிகளும் போயின என்பார்கள். அவற்றுள் வேறெங்கும் படி இருந்தவற்றைத் தேடிப் பிடித்துவிடலாம். வேறெங்கும் இல்லாதவை போனவைதான். 2005இல் தொடங்கிய நூலகம் மின்களஞ்சியம் இலங்கைத் தமிழர் எழுத்துகளை மின்படியாக்கி இணையத்தில் வைத்து வருவதன் பொருள் இந்தப் பின்னணியில்தான் முழுமையாக விளங்கும்.

வாசகர் செய்யக்கூடியவை

அமெரிக்காவில் இருப்பவர்கள் அருகிலுள்ள வைப்பு நூலகம் எது என்று வெளியீட்டு அலுவலகத்தின் தளத்தில் தேடிப் பார்க்கலாம். உள்ளே போய் ஆவண நூலகர் யார் என்று கேளுங்கள். 'என் ஊரிலிருந்து வந்தவர்கள் 1940இல் இங்கே யாராவது இருந்தார்களா?' என்பது போன்ற கேள்வியோடு போவது நல்லது. நூலகர்கள் கேள்வியை விரும்புபவர்கள். அச்சிட்டு வெளியானவற்றுக்கு அவர் உதவுவார். வெளியிடப்படாத அலுவலகக் கோப்புகளுக்கு 1966ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி அந்தந்த அலுவலகத்துக்கே விண்ணப்பிக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எந்த நாட்டில் இருந்தாலும், கட்டுரையிலோ நூலிலோ அரசுத் தளம் ஒன்றைச் சுட்டுபவர்கள் பார்த்த தேதியைக் குறியுங்கள். கோப்பை இறக்கிக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். இணைய ஆவணகத்தின் சேமிப்புப் பக்கத்தில் முகவரியை இட்டால் ஒரு படி அங்கேயும் சேரும். ஒரு நிமிட வேலை.

சோழ அரசி செம்பியன் மாதேவி 10ஆம் நூற்றாண்டில் பழைய கோயில்களைக் கற்றளிகளாகக் கட்டுவித்தபோது, பழைய கற்களில் இருந்த கொடைச் சாசனங்களைப் புதிய சுவரில் மறுபடி வெட்டச் செய்தார். திருக்கோடிக்காவல் கோயிலில் அவற்றை இன்றும் காணலாம். அவை பழைய கல்லிலிருந்து எடுத்த படி என்ற குறிப்பும் உடன் வெட்டப்பட்டிருக்கிறது. பழைய கற்கள் போய்விட்டன. யார் எவ்வளவு நிலம் கொடுத்தார், யாருக்கு என்ன கடமை என்பது இன்றும் படிக்கக் கிடைக்கிறது. எங்கிருந்து எடுத்தது என்று சொல்லி எடுத்து வைத்த படி அது. ஆவண நூலகர் இன்று கேட்பதும் அவ்வளவுதான்.